கெட்டில் கைமாறிய காலை

கப்பல் நாளில் எங்கள் கிடங்கில் யார் தலைவர் என்று தெரிந்துகொள்ள எவரையும் விசாரிக்க வேண்டியதில்லை. தேநீர்க் கெட்டில் யார் கையில் இருக்கிறதோ அவரே அன்றைய பொறுப்பாளர். கடலுக்கு அப்பால் மெயின்லேண்டில் மனிதவள மேலாண்மை படித்துவிட்டு, உழைக்கும் மக்களுக்கு ஏதேனும் நல்லது செய்தே தீர்வது என்ற உறுதியோடு ஊர் திரும்பி, இந்தச் சரக்குப் போக்குவரத்து நிறுவனத்தில் சேர்ந்த முதல் வாரத்திலேயே இந்த வழக்கத்தைக் கண்டேன். எங்கள் பாடத்திட்டத்தில் தலைமைப் பண்புக்கென்று ஒரு முழுப் பருவம் ஒதுக்கியிருந்தார்கள். அதில் கெட்டில் வரவில்லை.

போர்ட் பிளேரின் அபர்டீன் பஜாரிலிருந்து துறைமுகத்தை நோக்கி இறங்கும் சரிவில் எங்கள் கிடங்கு இருக்கிறது. மெயின்லேண்ட் கப்பலில் வரும் கண்டெய்னரைத் திறந்து, பெட்டிகளைத் தீவு வாரியாகப் பிரித்து, படகுகளுக்கு அனுப்புவது எங்கள் வேலை. வங்காளி, தெலுங்கர், மலையாளி, ராஞ்சிக்காரர், தமிழர் என்று எல்லோரும் கலந்த குழு. பேசுவது தீவின் ஹிந்தி. கண்டெய்னரின் கதவைத் திறப்பதற்கு முன் எல்லோருக்கும் தேநீர் உண்டு. கெட்டிலை ஏந்தியவர் ஒவ்வொருவரிடமும் போய் ஊற்றுவார். கண்ணாடித் தம்ளரை வாங்கிக்கொள்பவர் அன்றைய தம் நிலைமையைச் சொல்வார். முதுகு பிடித்திருக்கிறது, குழந்தைக்குக் காய்ச்சல், இன்னாரோடு சண்டை. கடைசித் தம்ளர் நிறையும்போது வேலைப் பங்கீடு ஊற்றியவரின் மனத்தில் முடிந்திருக்கும். அதை அவர் ஒரே மூச்சில் சொல்லிவிடுவார். கண்டெய்னர் காலியாகும்வரை யாரும் மறுபேச்சுப் பேசமாட்டார்கள்.

இதற்கு இரண்டு விதிகள் இருந்தன. கெட்டிலோடு கொடுத்த வாக்கை அன்று திரும்பப் பெறக் கூடாது. கெட்டிலை எவரும் பிடுங்கக் கூடாது. வைத்திருப்பவர் தாமாகக் கொடுத்தால்தான் அது கைமாறும். யார் தொடங்கிய வழக்கம் என்று விசாரித்தேன். ஃபோர்க்லிஃப்ட் ஓட்டும் வங்காளியை எல்லோரும் தாதா, அதாவது அண்ணன், என்று அழைப்பார்கள்; அவர் தம் மக்கள்தான் தொடங்கினார்கள் என்றார். லாரி ஓட்டும் தெலுங்கர் அதைக் கேட்டுத் தேநீர் புரையேறும் அளவுக்குச் சிரித்தார். அதோடு என் ஆய்வை நிறுத்திக்கொண்டேன்.

சில காலமாகக் கெட்டில் பெரும்பாலும் ஒரு பெண்ணிடமே போய்க்கொண்டிருந்தது. அவரை நான் அக்கா என்று அழைப்பேன்; அவருக்கு நான் தங்கச்சி. கச்சால் தீவில் பிறந்தவர். இலங்கை மலைத் தோட்டங்களிலிருந்து வந்து அங்கே ரப்பர் தோட்டங்களில் குடியேறிய குடும்பம். புதிதாக வருபவர்களிடம் தம்மை அவர் அறிமுகப்படுத்திக்கொள்ளும் விதமே தனி: “தேயிலையில இருந்து எங்க ஆளுங்க ரப்பருக்கு வந்தாங்க. ரப்பர்ல இருந்து நான் பார்சலுக்கு வந்துட்டேன்.” அடக்கம் என்ற சொல்லுக்கும் அவருக்கும் எந்தப் பழக்கமும் இல்லை. குரல் பெரியது, சிரிப்பு அதைவிடப் பெரியது. தம்மைவிடச் சிறப்பாக இந்தக் கிடங்கை நடத்த ஆள் இல்லை என்பதை அவர் எவரிடமும் மறைத்ததில்லை.

காலம் மாறிக்கொண்டிருந்தது. கைப்பேசியில் விரலை அழுத்தினால் சமையல் மிக்ஸி கடல் தாண்டி வரும் என்று தீவுவாசிகள் நம்பத் தொடங்கியதால் பெட்டிகள் பெருகின. தலைமை அலுவலகம் எல்லாக் கிடங்குகளையும் ஒரே அச்சில் வார்க்க முடிவு செய்தது. ஒவ்வொரு கிடங்குக்கும் நிரந்தரமாக ஓர் அணித் தலைவர். நாளுக்கொருவர் என்ற பேச்சு இனி இல்லை. அக்காவும் தாதாவும் விண்ணப்பித்தார்கள். தாதா ஏற்கெனவே நிரந்தர ஊழியர். அக்காவோ ஒப்பந்தத்தில் இருந்தார்; ஒப்பந்தத் தொழிலாளரும் விண்ணப்பிக்கலாம் என்று இம்முறை அறிவிப்பில் ஒரு வரி இருந்தது. அந்த ஒப்பந்தம் அந்த மாதத்தோடு முடிகிறது, புதுப்பிக்கப்போவதில்லை என்று சொல்லிவிட்டார்கள். பதவி கிடைத்தால் போர்ட் பிளேரில் நிரந்தர வேலை. கிடைக்காவிட்டால் கப்பலேறிக் கச்சாலுக்குப் போய், அம்மாவின் வீட்டில் உட்கார வேண்டும். “அங்க போனா எனக்கு என்ன வேல தங்கச்சி? மழையப் பாத்துக்கிட்டு இருக்கிறதா?” என்று ஒருநாள் கேட்டார். அதைக் கேட்டபோது மட்டும் அவர் சிரிக்கவில்லை.

தேர்வு முறை இதுதான்: தலைமை அலுவலகத்திலிருந்து ஒரு மதிப்பீட்டாளர் வருவார். ஒரு கப்பல் நாள் முழுவதும் கூடவே இருந்து பார்ப்பார். பின்பு மதிப்பெண் இடுவார். அதுவரை உள்ளூர் அதிகாரிகள் எவரும் விண்ணப்பதாரர்களைப் பற்றி அவரிடம் ஒரு சொல்லும் பேசக் கூடாது. பாரபட்சம் நுழையாமல் இருக்க இந்த விதி. நியாயமான விதி என்றே நானும் கருதினேன். அதைக் கிடங்கின் சுவரில் ஒட்டியவளும் நானே.

சென்னையிலிருந்து விமானத்தில் வந்திறங்கியவர் என்னைவிடச் சற்றே மூத்தவர். இனிய மனிதர். தோளில் ஒரு பை, கையில் ஒரு டேப்லெட், வாய் நிறைய மரியாதை. எல்லோரையும் சார் என்றும் மேடம் என்றும் அழைத்தார். கிடங்கின் ஓரத்தில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். எங்கள் கண்டெய்னர் லாரியில் வந்து நின்றது. லாங் ஐலண்ட் என்ற தீவுக்கான பெட்டிகள் அதில்தான் இருந்தன. நண்பகலுக்கு முன் படகு புறப்பட்டுவிடும். அக்கா கெட்டிலை எடுத்துக்கொண்டு முதல் ஆளிடம் போனார்.

மதிப்பீட்டாளரின் முகம் மாறுவதை நான் பார்த்தேன். வந்திருக்கும் இரு விண்ணப்பதாரர்களில் ஒருவர் ஆண், அவர் ஃபோர்க்லிஃப்டில் கால்மேல் கால் போட்டு அமர்ந்திருக்கிறார். மற்றவர் பெண், அவர் எல்லோருக்கும் தேநீர் ஊற்றுகிறார். நேர்மையான எந்த மனிதருக்கும் கோபம் வரக்கூடிய காட்சி. அவர் நேர்மையானவர். எழுந்து விறுவிறுவென்று நடந்து வந்தார்.

“மேடம், இதை நீங்கள் செய்யக் கூடாது” என்றார். “இந்த வேலை உங்களுடையது அல்ல. இப்படிக் கொடுங்கள்.”

அக்கா என்னைப் பார்த்தார். நான் சுவரைப் பார்த்தேன். அங்கே என் கையெழுத்தோடு விதி ஒட்டியிருந்தது. தலைமை அலுவலகத்தின் ஆள் மரியாதையாகக் கேட்கிறார். மறுத்தால் ஒத்துழைக்காதவர் என்றாகும். அக்கா கெட்டிலைக் கொடுத்துவிட்டார். கொடுத்த அந்தக் கணத்தில் கிடங்கு முழுவதும் எழுந்து நின்றது. தாதா மெதுவாகக் காலை இறக்கினார். அன்றைய கப்பலுக்கு யார் பொறுப்பு என்பது எல்லோருக்கும் விளங்கிவிட்டது, பொறுப்பேற்றவரைத் தவிர.

சமத்துவத்தைத் தம் கையாலேயே நிலைநாட்ட விரும்பிய அவர், தாமே தேநீர் ஊற்றத் தொடங்கினார். ராஞ்சிக்காரர் தம்ளரை நீட்டி, தோள்பட்டை வலிக்கிறது, இன்று கனமானது வேண்டாம் என்றார். மதிப்பீட்டாளர் நெகிழ்ந்துபோனார். முன்பின் தெரியாத ஊழியர் மனம் திறக்கிறார் அல்லவா? “சரி, நிச்சயமாக” என்றார். தெலுங்கு ஓட்டுநர், மகளின் பள்ளியில் நடனம், போய்ப் பார்த்துவிட்டு வரவா என்றார். “தாராளமாக.” மலையாளி, நேற்றைய கால்பந்துத் தகராறினால் தாதாவின் பக்கத்தில் நிற்க மனமில்லை என்றார். “வேண்டாமே.”

எதைக் கேட்டாலும் சரி என்கிறார் என்ற செய்தி வரிசையின் கடைசிவரை எப்படிப் பாய்ந்தது என்று எனக்குத் தெரியாது. அதற்குப் பிறகு வேண்டுகோள்களின் தரம் வேகமாகச் சரிந்தது. ஒருவர் மின்விசிறியைத் தம் பக்கம் திருப்பச் சொன்னார். இன்னொருவர் முடி வெட்டிக்கொள்ளப் போக வேண்டும் என்றார். கடைசியாக ஃபோர்க்லிஃப்டிலிருந்து இறங்கிவந்த தாதா, தம்ளரை இரு கைகளாலும் பயபக்தியோடு பெற்றுக்கொண்டு, இன்று முழுவதும் எல்லோரும் தம்மை சார் என்று அழைக்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டார்.

“சரி, சார்” என்றார் மதிப்பீட்டாளர்.

நான் யாருடையதோ ஒரு துணி துவைக்கும் இயந்திரத்தின் அட்டைப்பெட்டிக்குப் பின்னால் போய் உட்கார்ந்துவிட்டேன். சிரிப்பை அடக்கினால் கண்ணில் நீர் வரும் என்பது தெரியும். காதும் அடைக்கும் என்பதை அன்றுதான் அறிந்தேன். ஆனால் பெட்டியின் விளிம்பிலிருந்து எட்டிப் பார்த்தபோது அக்கா தெரிந்தார். கைகளைக் கட்டிக்கொண்டு தூணோரம் நின்றார். அவர் மதிப்பிடப்பட வேண்டிய ஒரே நாள் இது. அந்த நாளில் அவருக்குச் செய்வதற்கு ஒன்றுமில்லை. என் சிரிப்பு பாதியில் நின்றது.

எல்லோரும் தம்ளரை வைத்துவிட்டு மதிப்பீட்டாளரையே பார்த்தார்கள். அவரும் அவர்களைப் பார்த்தார். பிறகு, தாம் அறிந்த ஹிந்தியில், வழக்கம்போல் வேலையைத் தொடருங்கள் என்றார். எங்கள் கிடங்கில் வழக்கம்போல் என்று ஒரு வேலை கிடையாது. கெட்டிலை வைத்திருப்பவர் சொல்வதுதான் வேலை. அவர் பகுத்துச் சொன்னது எதுவுமில்லை, அனுமதித்தவை மட்டுமே இருந்தன. ஆகவே ஓட்டுநர் பள்ளிக்குக் கிளம்பினார். முடி வெட்டிக்கொள்ளப் போகிறவர் தலையைத் தடவிக்கொண்டே வாசலுக்குப் போனார். ராஞ்சிக்காரர் இருப்பதிலேயே சிறிய பெட்டியைத் தேடிக் கொண்டிருந்தார். மலையாளி கிடங்கின் மறுகோடிக்குப் போய் தாதாவுக்கு முதுகைக் காட்டி நின்றார். யாரோ திறந்துவிட்டுப் போன கண்டெய்னரின் வாயில், கூரைவரை அடுக்கிய பெட்டிகளின் முன்னால், மதிப்பீட்டாளர் கெட்டிலோடு தனியாக நின்றார்.

அவர் என்னிடம் வந்தார். பதற்றத்தில் தமிழ் தாறுமாறாக வந்தது. என்ன நடக்கிறது, ஏன் யாரும் வேலையைத் தொடங்கவில்லை, தாம் ஏதேனும் தவறாகச் சொல்லிவிட்டாரா என்றெல்லாம் கேட்டார். விண்ணப்பதாரர்களைப் பற்றிப் பேச எனக்குத் தடை இருந்தது. கெட்டிலைப் பற்றிப் பேசத் தடை இருந்ததாக நினைவில்லை. அதன் பொருள் என்ன என்று மட்டும் சுருக்கமாக விளக்கினேன். அவர் கையிலிருந்த கெட்டிலை, அது சூடாகிவிட்டதைப் போலப் பார்த்தார்.

“இதை இப்போது என்ன செய்வது?”

“கொடுத்துவிடுங்கள்.”

“யாரிடம்?”

“அதைத் தேர்ந்தெடுக்கத்தானே சார் நீங்கள் வந்திருக்கிறீர்கள்?”

அவர் கெட்டிலையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு சிரித்தார். அப்போதுதான் அவரை எனக்கு உண்மையாகவே பிடித்தது. தாதா பக்கம் திரும்பினார். தாதா இரு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, பெரிய உடம்பை வைத்துக்கொண்டு முடிந்த அளவு ஃபோர்க்லிஃப்டுக்குப் பின்னால் ஒதுங்கினார். அவருக்குப் பதவி பிடிக்கும். கூரைவரை அடுக்கிய கண்டெய்னரோடு சேர்த்து அது பிடிக்காது. வாசலுக்குப் போனவர்களும் நின்று திரும்பிப் பார்த்தார்கள். மதிப்பீட்டாளர் தூணோரம் நின்ற அக்காவிடம் போய் கெட்டிலை நீட்டினார்.

அக்கா கை நீட்டவில்லை.

“குடுக்கிறீங்களா சார், இல்ல கொஞ்சம் பிடிச்சுக்கச் சொல்றீங்களா?”

அந்த இரண்டுக்கும் நடுவிலுள்ள தூரத்தைக் கடக்க முடியாமல் எத்தனை பெண்கள் எத்தனை அலுவலகங்களில் நின்றுபோயிருக்கிறார்கள் என்று நான் பலமுறை எண்ணிப் பார்த்ததுண்டு. இவ்வளவு எளிதாக அதை எவரும் கேட்டு நான் கண்டதில்லை. மதிப்பீட்டாளர் கெட்டிலை இரு கைகளாலும் ஏந்தினார்.

“கொடுக்கிறேன்” என்றார்.

அதன்பின் நடந்ததை ஒரு சூறாவளி என்றுதான் சொல்ல வேண்டும், மகிழ்ச்சியான சூறாவளி. கொடுத்த வாக்குகளை அக்காவால் திரும்பப் பெற முடியாது. ஆகவே ஒவ்வொரு வாக்கையும் வேலையாக மாற்றினார். பள்ளிக்குப் போகும் வழியில் குட்வில் எஸ்டேட் இருக்கிறது. ஓட்டுநர் அந்தப் பகுதியின் பெட்டிகளைச் சிறிய வண்டியில் ஏற்றிக்கொண்டு, இறக்கிவிட்டு நடனம் பார்க்கட்டும். முடி வெட்டிக்கொள்ளப் போகிறவர் படகுத்துறைக் கடையிலேயே வெட்டிக்கொள்ளலாம். போகும்போது லாங் ஐலண்ட் படகில் இடம் பிடித்துவைக்க வேண்டும். தோள் வலிக்காரருக்கு ஸ்கேனர். மலையாளி தாதாவின் பக்கத்தில் நிற்க வேண்டாம், எதிரே நின்றால் போதும். ஃபோர்க்லிஃப்டிலிருந்து தாதா இறக்குவதை அவர் பிடித்துக்கொள்ளலாம், முகத்தைப் பார்க்க வேண்டிய கட்டாயமில்லை.

“தாதா சார்” என்றார் கடைசியாக, “அந்த வாஷிங் மிஷின தூக்குங்க சார். மெதுவா சார்.”

தாதா தூக்கினார். சார் என்று கேட்பதற்கு அவர் கொடுக்க வேண்டியிருந்த விலையைக் கண்டு கிடங்கு சிரித்தது. அவர்தான் எல்லோரையும்விட உரக்கச் சிரித்தார். நானும் அந்தச் சிரிப்பில் கலந்துகொண்டிருந்தபோது, பெரிய குரல் என் பக்கம் திரும்பியது. ஆள் குறைவாக இருக்கும்போது படித்தவர்கள் இரண்டு பேர் சும்மா நிற்பது கண்ணை உறுத்துகிறதாம். இஸ்திரி கலையாத என் சட்டையோடு நானும், டேப்லெட்டை நாற்காலியில் விட்டுவிட்டு மதிப்பீட்டாளரும் வரிசையில் நின்றோம். பெட்டிகள் கைக்குக் கை பாய்ந்தன. ஹிந்தியில் எண்ணினார்கள், வங்காளத்தில் கேலி செய்தார்கள், தெலுங்கில் யாரோ பாடினார்கள். மதிப்பீட்டாளர் ஒரு பெட்டியைத் தலைகீழாகக் கொடுத்ததற்குத் திட்டு வாங்கினார்; திட்டு வாங்கியதில் அவருக்கு ஏற்பட்ட பெருமை முகத்தில் தெரிந்தது.

லாங் ஐலண்ட் படகு எங்கள் பெட்டிகளோடு துறையை விட்டு நகர்வதைச் சரிவின் மேலிருந்து பார்த்தோம். பாதி முடி வெட்டிய தலையோடு ஒருவர் கீழிருந்து கையசைத்தார். நாற்காலிக்குத் திரும்பிய மதிப்பீட்டாளர் மதிப்பெண் இடுவதற்காக டேப்லெட்டைத் தொட்டார். பெட்டி தூக்கிக் களைத்த விரல்கள் வேறு எதையோ திறந்தன. இருமுறை தேநீர் குடித்த பிறகே அவரால் மதிப்பெண்ணை முடிக்க முடிந்தது.

முடித்தபின் நாங்கள் தடையின்றிப் பேசினோம். அவர் உற்சாகத்தின் உச்சியில் இருந்தார். இந்த வழக்கத்தை நாடு முழுவதும் உள்ள எங்கள் எல்லாக் கிடங்குகளின் கையேட்டிலும் சேர்த்துவிட வேண்டும் என்றார். தலைவரே தேநீர் ஊற்ற வேண்டும் என்பது விதியாகிவிடும். நான் வேண்டாம் என்றேன். என் மகிழ்ச்சியின் நடுவே ஒரு கணக்கு ஓடிக்கொண்டிருந்தது. இங்கே கெட்டிலோடு அதிகாரமும் கைமாறுகிறது, ஏனென்றால் இந்த மனிதர்கள் தாமாக அப்படி முடிவு செய்தார்கள். இதே வழக்கம் ஏதோ ஒரு நகரத்துக் கிடங்கில் ஆணையாகப் போய்ச் சேர்ந்தால், அங்கே ஒரு பெண்ணிடம் கெட்டில் மட்டும்தான் போய்ச் சேரும். கையேட்டில் எழுதியிருக்கிறதே என்று சொல்லி நாள்தோறும் அவளை ஊற்றவைப்பார்கள். காலையில் அவரைக் கோபப்படவைத்த காட்சியை அவரே ஊரூராக உண்டாக்கியவர் ஆவார்.

அவர் டேப்லெட்டில் எழுதத் தொடங்கியிருந்ததை அழித்தார். பிறகு, அப்படியானால் என்ன எழுதலாம் என்று கேட்டார். வேலை தொடங்கும் முன் தலைவர் ஒவ்வொருவரிடமும் நேரில் சென்று அன்றைய நிலைமையைக் கேட்க வேண்டும், கேட்ட பிறகே வேலையைப் பகுக்க வேண்டும் என்பதோடு நிறுத்திக்கொள்ளலாம் என்றேன். கையில் எதை ஏந்திப் போவது என்பதை அவரவர் கிடங்கு பார்த்துக்கொள்ளும். ஒப்பந்தத் தொழிலாளரும் விண்ணப்பிக்கலாம் என்ற வரியை எல்லாக் கிடங்குகளுக்கும் நிலைநிறுத்த வேண்டும் என்றும் கேட்டுக்கொண்டேன். முதலாவதற்கு உடனே தலையசைத்தார். இரண்டாவதற்குத் தம்மால் இயன்றதைச் செய்வதாகச் சொன்னார். ஒருவர் நிரந்தரமாவதால் மற்றவர்களின் நிலைமை மாறிவிடுவதில்லை என்பது எனக்குத் தெரியும். அவர்களுக்காக இன்றும் நான் அலுவலகத்தோடு வாதாடிக்கொண்டிருக்கிறேன்.

அடுத்த வாரம், கண்டெய்னர் ஒன்றை எல்லோரும் பாதி இறக்கியிருந்தபோது, தலைமை அலுவலகம் என்னை அழைத்தது. நான் கேட்டுக்கொண்டே நடந்து, நடந்துகொண்டே ஓடி, அக்காவின் எதிரில் போய் நின்றேன். செய்தியைச் சொல்லத் தேவை இருக்கவில்லை. தாதா என் முகத்தைப் பார்த்துவிட்டு ஃபோர்க்லிஃப்டின் ஹாரனை அழுத்தினார். அழுத்திய கையை எடுக்க மறுத்தார்.

அக்கா அழவில்லை. கையைத் துடைத்துக்கொண்டு கச்சாலுக்குப் போன் போட்டார். ஹாரன் சத்தத்தில் காதில் விழாததால் ஸ்பீக்கரில் வைத்தார். ஆகவே அம்மாவுக்கும் மகளுக்கும் இடையிலான உரையாடலைக் கிடங்கு முழுவதும் வேலையை நிறுத்திவிட்டுக் கேட்டது.

“அம்மா, வேல கெடச்சிருச்சு. நான் வரல.”

“வரலயா?” என்றார் அம்மா. “ஆடு வாங்கிட்டேனேடி.”

“என்ன ஆடு?”

“நீ வருவேன்னுதான் வாங்கினேன். இப்ப இத என்ன பண்றது? உனக்கே கப்பல்ல அனுப்பிவிடுறேன், அங்க எல்லாரும் சாப்பிடுங்க.”

மொழி புரிந்தவர்கள் புரியாதவர்களுக்குச் சொல்ல, எங்கள் கிடங்கில் ஆட்டைப் பற்றிய ஆர்வம் நொடியில் பரவியது. புதிய அணித் தலைவர் நிமிர்ந்து நின்றார். குரலை அலுவலகக் குரலாக்கிக்கொண்டார்.

“உசுருள்ள சரக்க எங்க கம்பெனி எடுக்கிறதில்லம்மா. அது ரூல்.”

“அங்க யாருடி பெரிய ஆளு இப்போ?”

“நான்தான்.”

“அப்ப ரூல மாத்து” என்றார் அம்மா, அதைவிடத் தெளிவான விஷயம் உலகில் இல்லை என்பதுபோல.

தலைமைப் பதவியேற்ற முதல் நிமிடத்தில் அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தார். மனிதவள அலுவலர் என்ற முறையில் நான் ஏதாவது சொல்லியிருக்க வேண்டும். நான் தரையில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தேன்.